விசேஷம் ஒன்றுமில்லை

காலை ஐந்து மணிக்கு எங்கள் லைன் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றால், யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்போம். வீட்டுக்கார அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மாடியிலிருந்து அவசரமாக இறங்கி வந்தார். மூன்றாம் எண் வீட்டு அக்கா அதற்குள் குடும்பத்தோடு வேனில் ஏறிக்கொண்டிருந்தார். நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன்.

"ஏனுங்க அம்மிணி, யாருக்கு என்னாச்சுங்க?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைம்மா. டூர் போறோம்."

"மாதா கோயிலுக்குங்களா?"

"கோயிலுக்கு இல்ல."

"அப்ப கல்யாணமுங்களா?"

"விசேஷம் ஒண்ணுமில்லம்மா. சும்மா போறோம்."

வேன் போன பிறகும் வீட்டுக்கார அம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "ஒரு சோலியும் இல்லாம காலங்காத்தால வண்டி வெச்சுட்டுப் போறாங்களாக்கும்" என்று என்னிடம் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. ஏதோ ஒரு கணக்கு உதைக்கிறது என்பது போன்ற குழப்பம்தான் இருந்தது. எனக்கும் அதே குழப்பம்தான். மூலனூரில் பிறந்து திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். அதுவரை நான் ஏறிய வண்டிகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, சீர், எழவு, ஆஸ்பத்திரி, குலதெய்வம். ஒன்றுமில்லாமல் ஒரு முறைகூட ஏறியதில்லை. அப்படி ஏறலாம் என்று தோன்றியதும் இல்லை.

அக்கா தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான மறு வருஷமே இருவரும் பிழைப்புக்காக இங்கே வந்துவிட்டார்கள். அவர் எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் அதே கம்பெனியில் செக்கிங். அவர் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஒன்பதாவது படிக்கும் ஒரு மகள், அண்ணனின் அப்பா, ஆக மொத்தம் நான்கு பேர் அந்த ஒன்றரை அறை வீட்டில்.

அக்கா குள்ளம். நடையில் எப்போதும் வேகம். பேசும்போது எதிரே நிற்பவரின் துணியில் ஒட்டியிருக்கும் நூல் பிசிறை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே பேசுவார். அது பிரியமா அலட்சியமா என்று புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தெரியாது. எனக்கே ஒரு வருஷம் ஆயிற்று தெரிந்துகொள்ள.

அடுத்த வருஷம் எங்களையும் சேர்த்துக்கொண்டார். வேன் பெரிது, இரண்டு பேருக்கு இடமிருக்கிறது என்றார். நானும் என் வீட்டுக்காரரும் சரி என்றோம். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அக்கா மகளின் பழைய ரஃப் நோட்டோடு எங்கள் எல்லோருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். பயணம் மே மாதத்தில். அந்த நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கியிருந்தார். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று. அதை மற்றவர்கள் கேலி செய்யக் கூடாது. நடத்திக் கொடுத்தே தீர வேண்டும். இதுதான் அவர் வைத்திருந்த சட்டம்.

"உனக்கு என்ன வேணும், சொல்லு புள்ள."

"எனக்கென்னங்கக்கா. எதுனாலும் சரிங்க."

"எதுனாலும் சரின்னு ஒரு ஊரு எந்த ரோட்டுலயும் கெடையாது. யோசிச்சிச் சொல்லு."

அவர் மாமனார் தயங்கவே இல்லை. வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு வேண்டும் என்றார். உப்பளத்தில் வேலை பார்த்தவர். வாழ்நாளெல்லாம் லாரியின் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து போனவர். எல்லா ஊரையும் தாண்டிப் போன பிறகுதான் பார்த்திருக்கிறாராம். வருகிற ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். மகள், தான் 'நிறுத்து' என்று சொன்னால் எங்கே என்றாலும் வண்டியை நிறுத்த வேண்டும், மூன்று தடவை, காரணம் கேட்கக் கூடாது என்றாள். அக்கா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

அண்ணன் கேட்டதுதான் எனக்கு மறக்காதது. "எனக்குக் குளிரணும்" என்றார்.

வெளிநாட்டுக்குப் போகும் கனத்த பனியன்களை, தொப்பி வைத்த ஹூடிகளை, நாள் முழுக்க நின்றுகொண்டு நீராவியில் தேய்த்துக் கொடுப்பவர் அவர். சட்டை எப்போதும் முதுகோடு ஒட்டியிருக்கும். "இத்தனை பேரு வாங்கிப் போடுதான்னா அங்கன எப்படிக் குளிரும்னு பார்க்கணும்லா" என்றார். அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டார்.

எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் குழாயடியில் வைத்துச் சொன்னேன். "அக்கா, ஒரு நாள் முழுக்க நான் சமைக்காம இருக்கோணும்."

அக்கா என் தோளிலிருந்த நூலை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அதை எழுதினார். அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்தார். 'கட்டுச்சோறு கிடையாது.' எந்தப் பயணம் என்றாலும் பெண்கள் விடிவதற்கு முன்பே எழுந்து புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கிளறிக் கட்டியாக வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் விதி போல. என் வீட்டுக்காரர், "ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காதுங்க, ஒரு தூக்குல தயிர்சாதமாச்சும்" என்று ஆரம்பித்தார். "ஒத்துக்காட்டி ஒரு நாளு பட்டினி கெடங்க. பட்டினி கெடக்கவும் ஆளுக்கு உரிமை இருக்கு. சமைக்காம இருக்க அவளுக்கும் இருக்கு" என்றார் அக்கா. என் வீட்டுக்காரரை அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. சண்டை வரும் என்று பயந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

லீவு கேட்பதில்தான் தகராறு வந்தது.

எங்கள் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. வர முடியாதவர்கள் ஏதாவது ஒரு காரணம் சொல்ல வேண்டும். சொல்வதெல்லாம் பொய் என்று மேனேஜருக்கும் தெரியும். ஒரே பாட்டியை நான்கு தடவை சாகடித்தவர்கள் உண்டு. நான் நாத்தனார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லி லீவு வாங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் அக்கா போய் நின்றார்.

"என்ன விசேஷம்?"

"டூர் போறோம் சார். ரெண்டு மாசம் முன்னாலயே சொல்லியிருந்தேன்."

"ஷிப்மென்ட் நேரத்துல டூரா? வெளையாடறியாம்மா?"

"வெளையாடத்தான் சார் போறோம்."

தையல் லைனில் மெஷின் சத்தம் குறைந்தது. மேனேஜர் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, ஊருல கல்யாணம்னு சொல்லிட்டுப் போ. நான் எழுதிக்கறேன்" என்றார். அது அவர் செய்ய நினைத்த உபகாரம்தான். ஆனால் அக்கா விடவில்லை.

"பொய் சொன்னா லீவு, உண்மையச் சொன்னா லீவு இல்லன்னா என்ன சார் அர்த்தம்? நான் எம்புள்ளையோட ஒரு நாளு சந்தோசமா இருக்கப் போறேன். அதைச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்?" என்றார். சொல்லிக்கொண்டே மேனேஜரின் சட்டைக் காலரில் இருந்த ஒரு வெள்ளை நூலை எடுத்துப் போட்டார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. போனால் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கு மறுநாள் நானே போய்க் கேட்டேன்.

"நீ கல்யாணம்னு சொல்லிட்டுப் போனேல்லா, அதனாலதான் நான் சொன்ன உண்மை திமிராத் தெரிஞ்சிது" என்றார். "எல்லாரும் உள்ளதச் சொல்லியிருந்தா அவன் எத்தன பேர வெளிய அனுப்புவான்?"

வேலை போகும் என்று தெரிந்தும் அப்படி நிற்க எனக்குத் தைரியம் இல்லை என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்? அதையே சொன்னேன். "சரி, அடுத்த வருசம் சொல்லு" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் மன்னித்துவிட்டது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். ஆழியாறு, அங்கிருந்து வால்பாறை. பெரியவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். மகள் தன் முதல் 'நிறுத்து'வை ஒரு சோளக்காட்டின் நடுவே செலவு செய்தாள். இறங்கினாள். நின்றாள். ஏறிக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்கா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மலையேறும்போது என்னிடம் சொன்னார்.

"சின்ன வயசுல பஸ்ஸுல சன்னல் சீட்டு வேணும்னு கேட்டேன். எங்கம்மா கன்னத்துல ஓங்கி ஒண்ணு வச்சா. எழவுக்குப் போறோம், சன்னலு கேக்குதியான்னு. அம்மயத் தப்பு சொல்ல முடியாது. எழவுக்குத்தான் போனோம். எங்களுக்கு எழவு வந்தாத்தான் பஸ்ஸே வரும்."

வால்பாறையில் குளிரவில்லை. மே மாதத்து மத்தியான வெயில் அங்கேயும் அடித்தது. அண்ணன், கம்பெனிகள் கழித்ததை விற்கும் செகண்ட்ஸ் கடையில் வாங்கி வைத்திருந்த சாம்பல் நிற ஹூடியைப் போட்டுக்கொண்டு தேயிலைக்கு நடுவே வியர்த்து வழிந்தபடி நின்றார். நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். கேலி செய்யக் கூடாது என்ற சட்டத்தை முதலில் மீறியவர் அக்காதான். "கடன் நிக்குது. குளிரு காலத்துல கூட்டிட்டுப் போறேன்" என்று அண்ணனிடம் சொன்னார்.

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் அக்காவை நிறுத்திவிட்டார்கள். அவர் அப்படியே திரும்பி நடந்தார். திருப்பூரில் ஓவர்லாக் டெய்லருக்கு வேலை இல்லை என்ற நாள் கிடையாது. தெருவுக்கு நாலு கேட்டில் 'டெய்லர் தேவை' என்று பலகை தொங்கும். பதினோரு மணிக்கு அடுத்த தெருவில் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். அங்கே சேரும்போதே, வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டூர் போவேன் என்று சொல்லித்தான் சேர்ந்தாராம். மூன்று வாரம் கழித்து எங்கள் மேனேஜர் என்னிடம் வந்து, "அந்தம்மாவ வரச் சொல்லும்மா, லைன் ஓட மாட்டேங்குது" என்றார். நான் போய்ச் சொன்னேன். "இங்க நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

இப்படியே நாலைந்து வருஷம் போயிற்று. ஒரு வருஷம் ராமேஸ்வரம், கோயிலுக்கு இல்லை, பாலத்துக்கு. ஒரு வருஷம் பெரியவர் இறந்துபோய் யாரும் எங்கும் போகவில்லை. குளிர்காலத்தில் மட்டும் போக முடியவில்லை. டிசம்பர், ஜனவரியில் அண்ணனுக்கு வேலை கழுத்தை நெரிக்கும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனது.

பிறகு அண்ணனுக்கு முகம் வீங்க ஆரம்பித்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்து கொடுக்க வேண்டும். வேலை நின்றது. அக்கா மட்டும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார். மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் நவம்பரில் ஒருநாள் அக்கா பழைய நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"மூணாறு. ஜனவரில. சனிக்கெழம போயி ஒரு ராத்திரி தங்கிட்டு ஞாயித்துக்கெழம வந்துரலாம். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல."

"அக்கா, இந்த நெலமைலயா?"

"வேற எந்த நெலமை வரும்னு காத்திருக்கச் சொல்லுத?"

யாருக்கும் தெரியாமல் கிளம்புகிறவர் அல்ல அவர். டாக்டரிடம் போய்க் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு கேட்டார். மலை ஏறலாமா, குளிர் சேருமா, எவ்வளவு தண்ணீர், என்ன சாப்பிடக் கூடாது, மூச்சு வாங்கினால் வழியில் எந்த ஆஸ்பத்திரி. டாக்டர் முதலில் வேண்டாம் என்றாராம். பிறகு அண்ணனைத் தனியாகப் பரிசோதித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம். தங்கும் இடத்துக்குப் போன் செய்து படி எத்தனை, கீழே அறை உண்டா, கக்கூஸ் உட்காரும் மாதிரியா என்று அக்கா கேட்டதை நானே பக்கத்தில் இருந்து கேட்டேன். உடுமலை வழியாகத்தான் போவது, செக்போஸ்ட் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எங்கே நிறுத்தி அவரைக் காலை நீட்டவைப்பது, எல்லாம் நோட்டில் இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணனின் கூடப்பிறந்த மூத்தவர், பெரிய அண்ணன், ஊரிலிருந்து வந்துவிட்டார். யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை வீட்டாரும் வெளியே வந்துவிட்டோம்.

"வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போன்னு ஆறு மாசமாச் சொல்லுதேன். நீ மலைக்கு இழுத்துட்டுப் போற. ஒனக்கு என்ன மனசு இது?"

"வேளாங்கண்ணிக்கும் கூட்டிட்டுப் போவேன் அத்தான். அது நேர்ச்சைக்கு. இது அவுகளுக்கு."

"வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

"நான் சொல்லுதேன். தினமும் அவுகளுக்குத் தண்ணி அளந்து குடுக்குதது நான். பதிலும் நானே சொல்லுதேன். செத்தா வண்டி பிடிச்சு அத்தன பேரும் வருவிய. உசுரோட இருக்கையில ஒரு வண்டி பிடிச்சா மட்டும் ஏன் எல்லாருக்கும் வலிக்கி?"

வேனுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் கேட்டது. பலவீனமாகத்தான் இருந்தது. "எண்ணே, இது நான் கேட்டதுண்ணே. அவ கேட்டது இல்ல. கதவ விடு."

பெரிய அண்ணன் கையை எடுத்தார். அவர் அழுதுவிட்டார். அக்கா அவரை வேனில் ஏறச் சொன்னார். அவர் ஏறவில்லை.

நாங்கள் மூணாறு போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே நன்றாகக் குளிர்ந்தது. ஆனால் அண்ணன் கேட்ட குளிர் ஞாயிறு காலையில்தான் வந்தது. அறையிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். புல்லெல்லாம் பனியில் வெளுத்திருந்தது. தேயிலைச் சரிவிலிருந்து வந்த காற்று எலும்புக்குள் போனது. அண்ணன் அந்த ஹூடியைப் போட்டுத் தொப்பியையும் இழுத்துவிட்டிருந்தார். வாயைத் திறந்தால் புகை வந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை ஊதினார். மறுபடி ஊதினார். டீ கொண்டுவந்தார்கள். இரண்டு வாய்தான் குடிக்கலாம் என்பதால், குடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே வைக்காமல் டம்ளரை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். "இவ்வளவு குளிருக்கு நாம போடுத தையல் பத்தாது கேட்டியா" என்றார். அக்கா பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே போகலாம் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் கேட்டதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குச் சரியாகப் போனார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் வேளாங்கண்ணிக்கும் போய்வந்தார்கள்.

அண்ணன் ஆடி மாதத்தில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கும்போதே. ஊரிலிருந்து மூன்று வேன் வந்தது. கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் வைக்க வேண்டும் என்று பெரிய அண்ணன் படம் கேட்டார். ஆதார் அட்டைக்கு எடுத்த, காது இரண்டும் தெரிய முறைத்துப் பார்க்கும் படம் ஒன்று இருந்தது. எல்லோரும் அதுவே போதும் என்றார்கள். அக்கா அதுவரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், எழுந்து என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"ஒம் போன குடு."

மூணாற்றில் அந்தக் காலையில் அக்கா பக்கத்தில் இருக்கும்போது நான் எடுத்த படம் அதில் இருந்தது. அண்ணனிடம் அதைக் காட்டியதுகூட இல்லை. ஹூடித் தொப்பிக்குள் அண்ணனின் முகம். வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறார். புகை பாதி முகத்தை மறைக்கிறது. பெரிய அண்ணன் பார்த்துவிட்டு, "இதையா? பார்க்குதவன் என்ன நெனைப்பான்? அஞ்சலிப் போர்டுல சிரிச்சா குடும்பத்தக் கேவலமா நெனைக்க மாட்டானா?" என்றார். ஃபிளக்ஸ் கடைக்காரரும் போனில், வேறு படம் இல்லையா என்று கேட்டார்.

"அவுக மூஞ்சி இதுதான்" என்றார் அக்கா. "வேற மூஞ்சி என்கிட்ட இல்ல."

மத்தியானம் போர்டு வந்தது. தெரு முனையில் மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். ஆடிக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி விட்டுப் போகிறவர்களெல்லாம் நின்று நிமிர்ந்து பார்த்தார்கள். இந்த வெயிலில் இப்படி ஒரு உடுப்பு, இப்படி ஒரு சிரிப்பு என்று பார்த்தார்களோ என்னவோ. எதிர் லைன் வீட்டில் குடியிருந்த பீகார்க்காரப் பெண், இடுப்பில் குழந்தையோடு எங்கள் வாசல் வரை வந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் கூட்டமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, போர்டைக் காட்டி அக்காவிடமே கேட்டாள்.

"தீதி, பாய்சாப் பர்த்டே?"

அண்ணனுக்குப் பிறந்தநாளா என்று கேட்கிறாள். பெரிய அண்ணன் எழுந்தார். அவளை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் எட்டு வைப்பதற்குள் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். போர்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்காகளா?" என்று அவளிடம் கேட்டார்.

அவளுக்குக் கேள்வி புரிந்ததா தெரியவில்லை. தலையை நன்றாக ஆட்டினாள். அக்கா அப்போதுதான், அன்றைக்கு முதன்முதலாக, வாய்விட்டு அழுதார்.